தாழங்குளத்தில் இறங்கிய வலை

விமான நிலையத்தில் என் பையைத் திறந்த சுங்க அதிகாரியின் கைக்கு முதலில் வந்தது ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். அடுத்து, கைப்பிடி போடாத இரும்பு வாரிகள். அவர் ஒரு வாரியின் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், "இலங்கையில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஒரு குளத்தில் செடி பிடுங்க வந்திருக்கிறேன்."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவரும் திருப்பி ஏதோ கேட்க, இருவரும் சிரித்தார்கள். "அதற்கு இந்த நாட்டில் ஆளே இல்லையா என்று கேட்கிறார்" என்று எனக்கு விளக்கிவிட்டுப் பையை மூடிக் கொடுத்தார். கோவையில் என் கணவரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டிருந்தார்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதி ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையை அகற்றும் கூட்டத்தில் ஒருத்தி. நாங்கள் வெளியிட்ட ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணம் கொக்குவிலில் விஞ்ஞானம் கற்பிக்கும் யோகராணி என்ற ஆசிரியை எனக்கு எழுதினார். அவர் குடும்பத்தின் வயல் இருக்கும் ஊரில் தாழங்குளம் என்று ஒரு குளம். அதில் இந்தச் செடி புகுந்துவிட்டது. எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒரே வரி: "மாரிமழைக்கு முன்னம் ஒருக்கா வரமாட்டியளோ அக்கா?" அன்றே விடுப்புக்கு விண்ணப்பித்தேன்.

யோகராணியின் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில், உயரமான மதில் சூழ்ந்த வளவுக்குள் இருந்தது. முதல் நாள் இரவுச் சாப்பாடு குழல் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும். புட்டுக்கு மேல் புட்டாக வைத்துக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "காணுமோ?" என்றார்.

"என்ன காணோம் டீச்சர்?" என்று நான் இலைக்கு அடியில் தேடினேன்.

"போதுமோ எண்டு கேக்கிறன் அக்கா" என்று சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். அதற்குள் இன்னொரு துண்டு புட்டு இலையில் விழுந்துவிட்டது.

கோவையில் எங்களுக்குத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் வருகிறது. எங்கிருந்து என்று யாரும் யோசிப்பதில்லை. இங்கே அப்படியில்லை. யோகராணி கைகழுவ ஊற்றிய செம்பைக் காட்டிச் சொன்னார்: "எங்களுக்கு ஆறில்லை அக்கா. மழைத்தண்ணி குளத்திலை நிண்டு, கல்லுக்குள்ளாலை இறங்கி, கிணத்துக்கு வரவேணும். குளம் தூந்து போனால் கிணறு உப்பாகும். பேந்து வயலும் இல்லை, வீடும் இல்லை."

மறுநாள் காலை அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் வாரிகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வளைவில் திரும்பியதும் குளம் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பச்சை விரிப்பு, அதன்மேல் ஊதா நிறப் பூக்கள். யாரோ வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்து, அலுத்ததும் வீசியிருப்பார்கள் என்றார் யோகராணி. எல்லா ஊரிலும் கதை இதுதான்.

சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் காலம் முடிந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று செடியை முழுவதும் வடகிழக்குக் கரைக்குத் தள்ளி வைத்திருந்தது. எதிர்க்கரையில் ஒரு பிள்ளையார் கோயில். அதன் படிக்கட்டை ஒட்டித் தாமரைகள் நின்றன. தெற்கு மூலையில், எங்கள் ஊரில் கலிங்கு என்று சொல்வோமே, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் இடம். இங்கே அதை வான் என்கிறார்கள். வானுக்கு வெளியே ஒரு வாய்க்கால். வாய்க்கால் வயல்களின் நடுவே போய் இதைவிடப் பெரிய குளம் ஒன்றில் விழுகிறது. மழை பெய்து வான் பாய்ந்தால், தண்ணீரோடு செடியும் போகும். பெரிய குளத்தில் புகுந்தால் பிறகு மனிதக் கையால் ஆகிற காரியமில்லை. அதற்கு முன் முடித்தாக வேண்டும். வந்த வேலை எனக்கு அங்கேயே தெளிவாகிவிட்டது.

கோயில் படியில் தாமரைப் பூக்களோடு ஒருவர் ஏறி வந்தார். கோயில் நிர்வாகத் தலைவர் சிவஞானம், ஓய்வுபெற்ற தபாலதிபர். தினமும் விடிந்ததும் பிள்ளையாருக்குப் பூப் பறிப்பது அவர்தான்.

"இந்தியாவிலையிருந்து வந்த பிள்ளை நீங்கள்தானோ? நல்லது. பெக்கோ கொண்டு வந்து கிண்டப் போறம் எண்டு சிலபேர் நிண்டவை. நான் விடேல்லை. தாமரைக் கிழங்கும் அள்ளுப்பட்டுப் போயிடும்."

பெக்கோ என்றால் மண் தோண்டும் இயந்திரம். அவர் சொன்னது சரிதான். கரையும் நெகிழ்ந்த மண். இயந்திரம் நின்றால் சரியும். கையால்தான் செய்ய வேண்டும் என்று நானும் சொன்னேன். அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. அது அடுத்த மூன்று நாட்களுக்குத்தான்.

ஊர்க்காரர்கள் வாரிகளுக்குப் பூவரசங்கம்பில் கைப்பிடி போட்டுத் தந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். ஆகாயத்தாமரையின் காம்பு பலூன்போல் உப்பியிருக்கும். பிளந்தால் உள்ளே பஞ்சு. அதனால்தான் மிதக்கிறது. வேரை விட்டுவிட்டு இலையை மட்டும் அறுத்தால் பத்து நாளில் பழையபடி வந்து நிற்கும். முழுச் செடியாக, வேரோடு, ஒரு துண்டும் சிந்தாமல் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே போட்டாலும் மழை திரும்ப உள்ளே தள்ளிவிடும். ஆகவே தள்ளி, மேட்டு நிலத்தில் குவித்தோம். செடியின் கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டது.

பதினொரு மணிக்குப் பால் இல்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ வரும். சீனியைக் கையில் கொட்டிக்கொண்டு, நக்கி நக்கிக் குடித்தார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது. வடகிழக்குக் கரையில் ஒரு வீட்டு முற்றம் அளவுக்குச் செடி நீங்கித் தண்ணீர் வெளுத்தது. வேலை ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் காற்று விழுந்தது. இலை அசையவில்லை. பிறகு எதிர்ப்பக்கமிருந்து மெல்ல ஒரு காற்று வந்தது. பக்கத்தில் நின்ற பெண் வாரியைத் தண்ணீரில் ஊன்றி நிமிர்ந்தாள்.

"காத்து வாடைக்கு மாறுது" என்றாள்.

என் கண் முன்னாலேயே அந்தப் பச்சை விரிப்பு முழுவதும் கரையை விட்டு விலகி, நடுக்குளத்துக்கு நகரத் தொடங்கியது. நாங்கள் சுத்தம் செய்த இடத்தின் மேலாகவே போனது. வாரியைப் போட்டு இழுத்தோம். கைக்கு வந்தது கொஞ்சம், போனது பெரிது. வடகிழக்கிலிருந்து காற்று வீசினால் அது போய்ச் சேரும் இடம் தாமரை. தாமரைக்கு அடுத்தது வான்.

மிதக்கும் செடியைத் தடுக்க மிதக்கும் வேலி வேண்டும். எங்கள் ஏரியில் அதைத்தான் செய்தோம். மிதவை கட்டிய நீள வலை இருந்தால், வேலியாகவும் போடலாம், செடியை வளைத்துக் கரைக்கும் இழுக்கலாம் என்றேன். யோகராணி உடனே சொன்னார்: "கொழும்புத்துறையிலை செபஸ்தி அண்ணை இருக்கிறார். அவற்றை மகளுக்கு நான் படிப்பிச்சனான். கேட்டால் வருவார்."

சிவஞானத்தின் முகம் மாறியது.

"உது மீன் பிடிக்கிற வலை. உதைப் பிள்ளையாரின்ரை குளத்துக்குள்ளை இறக்கேலாது. இந்தக் குளத்திலை ஒருநாளும் ஒருத்தரும் மீன் பிடிச்சதில்லை."

"மீன் பிடிக்கிறதுக்கில்லை ஐயா. செடிக்கு" என்றேன்.

"இண்டைக்குச் செடி. நாளைக்கு?" அவர் என்னைப் பார்க்காமல் யோகராணியைப் பார்த்தார். "அதோடை, ஆரார் வந்து குளத்துக்குள்ளை இறங்கப் போயினம்?"

யோகராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். நிதானமாகச் சொன்னார்: "அதை நீங்கள் கேக்கேல்லை, எனக்கும் கேக்கேல்லை எண்டு வைப்பம் ஐயா. ஆனால் ஒண்டு. உங்களுக்குத் தாமரை வேணுமோ, வலை வேண்டாமோ? ரெண்டிலை ஒண்டைத்தான் வைச்சிருக்கலாம்."

அவர் கோயிலுக்குள் போய்விட்டார். கரையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வலை இல்லாமலே முயன்றோம். மூங்கிலைக் கட்டி, பிளாஸ்டிக் போத்தல்களைக் கயிற்றில் கோத்து, தாமரையைச் சுற்றி ஒரு தடுப்புப் போட்டோம். இருட்டும் வரை செய்தோம். எனக்குச் சேற்றுப்புண் வந்து கால்விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. படுக்கும்போது யோகராணி, "விடியப் பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

விடிந்து போய்ப் பார்த்தால், மூங்கில் ஒரு பக்கம், போத்தல்கள் ஒரு பக்கம். செடி கோயில் படிவரைக்கும் வந்து அடைந்திருந்தது. ஒரு தாமரையும் வெளியே தெரியவில்லை. அதன் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் சிவஞானம் நின்றார். கையால் பிடுங்கிப் பிடுங்கிப் படியில் எறிந்துகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கொஞ்சம் இடம் வெளுக்கும், காற்று அடிக்கும், மூடிக்கொள்ளும். திரும்பவும் பிடுங்குவார். நானும் யோகராணியும் இறங்கி அவருக்கு இரு பக்கமும் நின்று பிடுங்கினோம்.

கடைசியில் அவர் ஒரு தாமரையின் தண்டைக் கண்டுபிடித்து மேலே தூக்கினார். மொட்டு நசுங்கி இருந்தது. அதைப் படியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க, "உந்த ஆளை வரச்சொல்லுங்கோ பிள்ளை" என்றார்.

உடனே யாழ் நகரின் கடலோரத்தில் இருக்கும் கொழும்புத்துறைக்குப் போனோம். செபஸ்தி அண்ணை ஐம்பது வயதுக்காரர். வீட்டுச் சுவரில் மாதா படம், வாசலில் காயும் வலைகள், பின்னால் கடல்நீரேரி. நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் உடனே சரி என்று சொல்லவில்லை.

"டீச்சர், நான் வாறன். ஆனால் அவை விடுவினமோ? ஐயா தன்ரை வாயாலை சொன்னவரோ?"

யோகராணி கைபேசியில் சிவஞானத்தை அழைத்து அவரிடம் கொடுத்தார். செபஸ்தி அண்ணை எழுந்து நின்று கேட்டார். "ஓம்... ஓம் ஐயா... இல்லை ஐயா, மீன் பட்டால் விடுறன்... ஓம்." கைபேசியைத் திருப்பித் தரும்போது அவர் முகத்தில் ஒரு வியப்பு இருந்தது. "தம்பி வாரும் எண்டார்" என்றார்.

அவர் மனைவி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. நண்டும் மீனும் பயற்றங்காயும் போட்ட ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் கெட்டியாகி, புளியும் மிளகாயும் ஏறி, கண்ணில் நீர் வரவழைத்தது. இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன். இந்த முறை "காணுமோ?" என்று கேட்டபோது, "காணாது" என்றேன்.

வலையைக் கொண்டுவந்த கதையைச் சொல்லியாக வேண்டும். லான்ட்மாஸ்டர் என்று இங்கே சொல்லும் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் வலையை ஏற்றி, மேலே நான் உட்கார்ந்தேன். நகரைத் தாண்டும்போது வலையின் நுனி எப்படியோ நழுவியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால், தெருவில் எங்களுக்குப் பின்னால் நீளமாக ஒரு வலை வந்துகொண்டிருக்கிறது. அதன் மறுமுனை ஒரு மினிபஸ்ஸின் முன்சக்கரத்தில். கத்தினேன். எல்லாம் நின்றது. சைக்கிள்காரர்கள், பஸ் பயணிகள், ஓட்டோக்காரர்கள் என்று தெருவே கூடியது.

ஒரு சிங்களப் பொலிஸ்காரர் வந்தார். செபஸ்தி அண்ணைக்குச் சிங்களம் தெரியும். முன்னால் ஸ்கூட்டியில் போய்த் திரும்பி வந்த யோகராணி, அவர்கள் பேசியதை என் காதில் சொன்னார்.

"நடுத்தெருவில் என்ன மீன் பிடிக்கிறீர்கள்?"

"மீன் இல்லை சேர். குளத்தில் செடி பிடிக்கக் கொண்டு போகிறோம்."

"என்ன செடி?"

"ஜப்பான் ஜபர." அந்தச் செடிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயராம்.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். "எங்கள் ஊர்க் குளத்தையும் அதுதான் தின்றது" என்றார். பிறகு சக்கரத்தின் அருகே குந்தி, செபஸ்தி அண்ணையோடு சேர்ந்து சிக்கல் எடுக்க ஆரம்பித்தார். பஸ் நடத்துநர் மட்டும், "அம்மா, நீங்கள் இந்தியாவிலையிருந்து வந்து எங்கடை பஸ்ஸைப் பிடிச்சிட்டியள்" என்று திட்டினார். கிழிந்த இடம் ஒரு முழத்துக்குள்தான் என்றபோது எனக்கு உயிர் வந்தது.

அடுத்த நாள் காலை வலை இறங்கியது. ஈயக்குண்டுகளைக் கழற்றிவிட்டு மிதவைகளை மட்டும் விட்டிருந்தார்கள். ஒரு முனையைக் கிழக்குக் கரையில் பிடித்துக்கொண்டோம். மறுமுனையோடு செபஸ்தி அண்ணை லொறி டியூபில் மிதந்து, தாமரையை உரசாமல் செடியைச் சுற்றி வளைத்து வந்தார். பிறகு இரண்டு முனையிலும் ஆள் நின்று இழுத்தோம். ஒருவர் காலில் ஒருவர் மிதித்துக்கொண்டு, விழுந்து எழும்பி, இழுத்தோம். பச்சை விரிப்பு சுருங்கி, தடித்து, கரைக்கு வந்தது. வாரிகள் அள்ளின. உழவு இயந்திரம் சுமந்தது. தாமரை இலைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன.

மூன்றாவது இழுப்பில் வலைக்குள் ஏதோ துள்ளியது. கை நீளத்தில் ஒரு விரால். கரை முழுவதும் சிவஞானத்தைப் பார்த்தது. செபஸ்தி அண்ணை விராலின் செவுளில் கை படாமல் இரண்டு கையாலும் ஏந்தி, "ஐயா, எங்கை விட?" என்று கேட்டார்.

சிவஞானம் மீனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்தானே தம்பி. அது பிழைக்கிற இடமாப் பாத்து விடுங்கோ" என்றார். பிறகு வந்து, செபஸ்தி அண்ணைக்குப் பின்னால் வலைக்கயிற்றைப் பிடித்து நின்றார்.

இரண்டு நாள் அப்படிப் போனது. முக்கால்வாசி முடிந்திருந்தபோது மழை பிடித்தது. தூறலாக வரவில்லை, ஒரேயடியாக இறங்கியது. குளம் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சச் செடி நேரே வானை நோக்கிப் போனது. இவ்வளவும் செய்து, மிச்சம் இருக்கிற கொஞ்சம் போதும், பெரிய குளத்தை மூட.

"வலையை வானுக்குக் குறுக்கை கட்டுவம்!" என்று யோகராணி கத்தினார்.

செபஸ்தி அண்ணை ஒரு நொடிதான் தயங்கினார். பாயும் தண்ணீரில் வலை கிழியலாம். அது அவருடைய தொழில். பிறகு அவரே முனையை எடுத்துக்கொண்டு ஓடினார். இந்தப் பக்கம் பூவரசில் ஒரு முனை, அந்தப் பக்கம் வானின் கற்கட்டில் ஒரு முனை. வலையை இரண்டாக மடித்துக் கட்டினோம். தண்ணீர் நிறைந்து வான் பாய்ந்தது. செடி வந்து வலையில் மோதி, குவிந்து, வலை வில்லாக வளைந்தது. கனம் ஏற ஏற அள்ளி வெளியே எறிந்தால்தான் வலை தாங்கும். மழைக்குள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி எறிந்தோம். யோகராணி இரண்டு முறை வழுக்கி விழுந்தார். இரண்டு முறையும் கையில் செடியோடுதான் எழும்பினார். வாய்க்காலில் காவலுக்கு நின்றவர்கள் தப்பி வந்த ஒன்றிரண்டைப் பிடித்தார்கள். வலை இரண்டு இடத்தில் கிழிந்தது. ஆனால் நின்றது.

மறுநாள் நான் புறப்படும் நாள். மழை தூறலாகியிருந்தது. பெரிய குளத்தின் கரை முழுவதும் நடந்து பார்த்தோம். ஒரு செடி இல்லை. கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் பொங்கல் போட்டார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். சிவஞானம் தானே வாளியை எடுத்துப் பரிமாறி வந்தார்.

அங்கேதான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாம் எடுத்தது செடியை மட்டும். இத்தனை நாள் பூத்ததன் விதைகள் சேற்றில் கிடக்கின்றன. பல வருடம் உயிரோடு கிடக்கும். தண்ணீர் வற்றி ஏறும்போதெல்லாம் முளைக்கும். முளையிலேயே எடுத்தால் பிழைத்தோம். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் பழையபடிதான். எங்கள் ஏரியில் நாங்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சாப்பாட்டுக் கைகள் நின்றன. செபஸ்தி அண்ணை கிழிந்த வலையைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

யோகராணிதான் முதலில் பேசினார். "அந்த முளை எப்பிடி இருக்கும் அக்கா? உப்பின காம்போடையோ?"

"இல்லை டீச்சர். ஆரம்பத்துல காம்பே இருக்காது. பார்க்கப் புல் மாதிரி இருக்கும்."

"வாங்கோ, கீறிக் காட்டுங்கோ."

படிக்கட்டின் ஓரத்து ஈரமணலில் விரலால் வரைந்தேன். நாடாபோல் மெல்லிய இலைகள், ஒரே இடத்திலிருந்து விரிவது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. எல்லோரும் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண் கைபேசியில் படம் எடுத்தாள். மழைத்துளி விழுந்து கோடு அழிந்தது; மீண்டும் வரைந்தேன். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். பையை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். யோகராணி என் கையை விட்டபிறகு திரும்பிப் பார்த்தேன்.

சிவஞானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையோரச் சேற்றில் குனிந்து நடந்துகொண்டிருந்தார். ஓரடி வைப்பார், நிற்பார், புல்லை விலக்கிப் பார்ப்பார்.

"ஐயா, இப்பவே முளைச்சிருக்காதுங்க!" என்று ஓட்டோவிலிருந்து கத்தினேன்.

அவர் நிமிரவில்லை.

"தெரியும் பிள்ளை. எங்கை பாக்கிறதெண்டு பழகவேணுமல்லோ."